ஒரு வருடக் கணக்கு: திருச்சியில் கணக்கர் உருவாகும் விதம்

திருச்சி சின்னக் கடைவீதியிலும் என்.எஸ்.பி. ரோட்டிலும் கடை வாசல்களில் ஒட்டப்படும் ‘ஆள் தேவை’ அறிவிப்புகளில் ஒரு வரி அடிக்கடி கண்ணில் படும்: அக்கவுண்ட்ஸ் பார்க்க ஆள் தேவை, டேலி, ஜிஎஸ்டி தெரிந்திருக்க வேண்டும், அனுபவம் உள்ளவருக்கு முன்னுரிமை. அதே ஊரில் ஆண்டுதோறும் பி.காம். முடித்தவர்கள் கூட்டங்கூட்டமாக வெளியே வருகிறார்கள். கணக்கு எழுதத் தெரிந்த ஆள் கிடைப்பதில்லை என்கிறார் கடைக்காரர். படித்த படிப்புக்கு வேலை இல்லை என்கிறார் பட்டதாரி. இருவர் சொல்வதும் உண்மை. இடையில் எது விட்டுப்போயிருக்கிறது என்பதுதான் கேள்வி.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏதோ ஒரு தொழிலின் ஒரு வருடக் கணக்கை, தொடக்க இருப்பிலிருந்து இருப்புநிலைக் குறிப்பு வரை, உண்மையான பில்களைக் கொண்டு தன் கையால் எழுதி முடித்தவரே கணக்கர். நம் பள்ளியும் கல்லூரியும் கம்ப்யூட்டர் சென்டரும் மற்ற எல்லாவற்றையும் கொடுக்கின்றன, அந்த ஒரு வருடத்தைத் தவிர.

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலுள்ள ஸ்ரீரங்கத்தில் கணக்கு எழுதுவது பழைய தொழில். அரங்கநாதர் கோயிலில் 600-க்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் இருக்கின்றன. இன்ன நிலம், இத்தனை பொன், இத்தனை நெல் வந்தது, அது இன்ன காரியத்துக்கே செலவாக வேண்டும் என்பதாகவே அவற்றில் பல அமைந்திருக்கும். சோழர் காலத்தில் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகள் விடுவது வழக்கம். அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்பார்கள். மந்தையில் ஆடு செத்தாலும் கிழடு தட்டினாலும் எண்ணிக்கை 96-ஐ விட்டு இறங்கக் கூடாது. பெற்றுக்கொண்டவர் நாளுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். முதலைத் தொடாமல் அதன் வரும்படியை மட்டும் செலவிடும் இந்த ஏற்பாட்டைத்தான் இன்று முதலாண்டு மாணவர் மூலதனம், வருவாய் என்று இரண்டு தலைப்புகளில் படிக்கிறார். இராமானுசர் கோயில் பணிகளைக் கொத்துகளாகப் பிரித்து முறைப்படுத்திய செய்தியை அக்கோயிலின் வரலாற்று நூலான கோயிலொழுகு சொல்கிறது. யார் எதற்குப் பொறுப்பு என்று வரையறுத்த பிறகுதான் கணக்குக் கேட்க முடியும்.

அந்தக் கோயிலுக்கு இன்றும் கணக்கு ஆண்டு பசலிதான், ஜூலை 1 தொடங்கி ஜூன் 30 வரை. மதிலுக்கு வெளியே உள்ள கடைக்கு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. கடைக்காரர் மஞ்சள் குங்குமம் வைத்துப் புதுக்கணக்கு போடுவது சித்திரை முதல் நாள். வடக்கிலிருந்து வந்து குடியேறிய வியாபாரிகளுக்குத் தீபாவளி. 1989-90 மதிப்பீட்டு ஆண்டில்தான் வருமானவரிக்கு எல்லோருக்கும் ஏப்ரல்–மார்ச் என்று ஒரே ஆண்டு வந்தது. அதற்கு முன் சித்திரையிலிருந்து பங்குனி வரை, தீபாவளியிலிருந்து தீபாவளி வரை என்று அவரவர் வழக்கப்படி ஆண்டு முடித்தார்கள். எந்த ஆண்டானாலும் ஒரு நாள் ஏட்டை மூடியாக வேண்டும், லாபமா நஷ்டமா என்று சொல்லியாக வேண்டும்.

பழைய பயிற்சிமுறையை வெறும் மனப்பாடம் என்று ஒதுக்குகிறவர்கள் அதைச் சரியாகப் பார்ப்பதில்லை. திண்ணைப் பள்ளியில் பையன் எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம், குழிமாத்து என்று வரிசையாக ஏறினான். முந்திரி 320-ல் ஒன்று, காணி 80-ல் ஒன்று, மா 20-ல் ஒன்று என்று பின்னங்களை வாயால் சொல்லிச் சொல்லி மனத்தில் இறுத்தினான். நெல் அளப்பதும் நிலம் அளப்பதும் அவன் வீட்டைச் சுற்றி நடந்த வேலைகள் என்பதால் பாடமும் வேலையும் ஒன்றாகவே இருந்தன. படித்தவன் ஊர்க் கணக்கரான கர்ணத்திடமோ மண்டிக் கணக்குப்பிள்ளையிடமோ போய்ச் சேர்ந்தான். இன்னும் துல்லியமான ஏற்பாடு நகரத்தாருடையது. செட்டிநாட்டிலிருந்து பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போன பையன் கடையில் பெட்டியடிப் பையனாகத் தொடங்கி, அடுத்தாளாகி, பிறகு மேலாள் ஆவான். பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சிட்டை எழுதிப் பழகி, சிட்டையிலிருந்து பேரேட்டுக்கு ஏற்றப் பழகி, ஆண்டு முடிவில் ஐந்தொகை (இருப்புநிலைக் குறிப்பு) கட்டும் வரை அவன் ஒரே கடைக்குள் இருந்தான். அந்த முறையில் குறைகள் உண்டு. சாதிக்கும் உறவுக்கும் வெளியே அது போகவில்லை, பெண்களுக்கு அதில் இடமே இல்லை. ஆனால் ஒரு வருடத்தை முழுதாகப் பார்த்த பிறகே ஒருவனிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். நாம் கைவிட்டது அதைத்தான்.

பரம்பரைக் கர்ணங்கள் இருந்த இடத்தில், 1980-ல் எம்.ஜி.ஆர். அரசு அந்தப் பதவிகளை ஒழித்த பிறகு, தேர்வு எழுதி வந்த கிராம நிர்வாக அலுவலர்கள் உட்கார்ந்தார்கள். நியாயமான மாற்றம் அது. கணக்கு குடும்பச் சொத்தாக இருப்பது முடிந்து, படித்தவர் யாருக்கும் உரியதாயிற்று. அப்படியானால் அந்தப் படிப்பு எப்படி இருக்கிறது என்பது முன்னைவிட முக்கியமாகிறது.

கணக்கு எழுதும் வேலை ஒருவரைத் தாங்கிப் பிடித்ததற்கு நம்மிடம் பெரிய உதாரணம் உண்டு. சீனிவாச ராமானுஜன் 1912 மார்ச் 1-ல் மெட்ராஸ் போர்ட் டிரஸ்ட்டின் கணக்குப் பிரிவில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார், மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில். அங்கே அவருக்கு மேலதிகாரியாக இருந்து, அவர் கணிதத்தையும் புரிந்துகொண்டு ஆதரித்த நாராயண ஐயர், அதற்கு முன் திருச்சி புனித ஜோசப் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர்.

அந்தக் கல்லூரி 1844-ல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883-ல் திருச்சிக்கு வந்தது. பிறகு தேசியக் கல்லூரி (1919), ஹோலி கிராஸ் (1923), ஜமால் முகமது, சீதாலட்சுமி ராமசாமி (இரண்டும் 1951), ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு எட்டிய தூரத்தில் திருவானைக்காவல் நெல்சன் ரோட்டில் ஸ்ரீமத் ஆண்டவன் கல்லூரி (1996) என்று கல்லூரிகள் பெருகின. 1982-ல் பாரதிதாசன் பல்கலைக்கழகம் வந்தது. இந்தியாவில் வணிகவியல் கல்வியே 1886-ல் சென்னையில் பச்சையப்பன் அறக்கட்டளையினர் தொடங்கிய பள்ளியிலிருந்து கிளைத்தது என்பார்கள். ஆக, படிக்க இடமில்லை என்று இந்த ஊரில் யாரும் சொல்ல முடியாது.

பாடத்திட்டத்தையும் குறை சொல்ல மாட்டேன். 2018, 2019-ல் வந்த புதிய மேல்நிலைக் கணக்குப்பதிவியல் புத்தகங்களை எடுத்துப் பார்த்தால், பதினொன்றாம் வகுப்பில் குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு, வங்கிச் சரிகட்டும் பட்டியல், தேய்மானம், இறுதிக் கணக்குகள் எல்லாம் முறையாக வருகின்றன. பன்னிரண்டாம் வகுப்பின் முதல் பாடமே முழுமை பெறாப் பதிவேடுகளிலிருந்து கணக்கு தயாரிப்பது. கடைசிப் பாடம் டேலி. அந்த முதல் பாடத்தை நினைத்துப் பாருங்கள். நோட்டில் பாதி, நினைவில் பாதி, சட்டைப் பையில் மீதி என்று கணக்கு வைத்திருக்கும் கடைக்காரரிடமிருந்து உண்மையை எடுப்பது எப்படி என்பதுதான் அது. திருச்சியில் நூறு மளிகைக் கடைகளுக்கு அந்தப் பாடம் பொருந்தும். ஆனால் வகுப்பில் தொடக்க முதல் இவ்வளவு, இறுதி முதல் இவ்வளவு, எடுப்புகள் இவ்வளவு, லாபம் கண்டுபிடி என்று எண்களெல்லாம் கையில் கொடுக்கப்பட்டுவிடுகின்றன. அந்த எண்ணைத் தேடிப் பிடிப்பதே கணக்கரின் வேலை என்பது மாணவருக்குத் தெரியாமலே தேர்வு முடிந்துவிடுகிறது.

கல்லூரியிலும் இதே கதைதான், சற்றுப் பெரிய அளவில். மூன்றாண்டுகளில் நிறுமக் கணக்கு, அடக்கவிலைக் கணக்கு, தணிக்கை, வருமானவரி என்று எல்லாம் வரும். ஒரு பில்லைக் கையில் வாங்கி, இது கொள்முதலா, செலவா, சொத்தா, முதலாளியின் வீட்டுச் செலவா என்று முடிவு செய்யும் சந்தர்ப்பம் மட்டும் வராது.

இதற்கு வெளியே இன்னொரு பழைய பாதை இருக்கிறது, இளைஞர்கள் பலருக்கு அது இருப்பதே தெரியாது. தட்டச்சு, சுருக்கெழுத்துத் தேர்வுகளை நடத்தும் தொழில்நுட்பக் கல்வி இயக்ககமே கணக்கியலிலும் இளநிலை, முதுநிலை என்று அரசுத் தேர்வு நடத்துகிறது. ஸ்ரீரங்கத்தின் வீதிகளிலும் தெப்பக்குளம் பக்கத்திலும் ‘டடக் டடக்’ என்று சத்தம் கேட்ட இன்ஸ்டிடியூட்டுகளில் ஒரு தலைமுறை ‘லோயர், ஹையர்’ என்று ஏறியபோது, பலர் கூடவே கணக்கியலையும் எழுதினார்கள். ரயில்வேயிலும் வங்கியிலும் கூட்டுறவிலும் நுழைந்தவர்களுக்கு அது கைகொடுத்தது. அரசுப் பணிக்குள் போன பிறகும் கணக்கு விடாது; சார்நிலை அலுவலர்களுக்கான கணக்குத் தேர்வை டிஎன்பிஎஸ்சி துறைத்தேர்வாக நடத்துகிறது, பதவி உயர்வு பலருக்கு அதில் தொங்குகிறது. திருச்சியில் உள்ள கூட்டுறவு மேலாண்மை நிலையத்தின் பட்டயப் பயிற்சியும் இந்த வகைதான். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க 2022-ல் ஒன்றிய அரசு 2,516 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. அதற்குப் பிறகு சங்கத்தில் கணக்கு தெரிந்தவரின் மதிப்பு கூடியிருக்கிறது.

டேலியைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். 1986-ல் ஷியாம் சுந்தர் கோயங்காவும் அவர் மகன் பரத் கோயங்காவும் பெங்களூரில் தொடங்கிய நிறுவனத்தின் மென்பொருள் அது. கணக்கு எழுதத் தெரிந்தவருக்குக் கணினி தெரியாவிட்டாலும் ஓட்ட முடிய வேண்டும் என்ற எண்ணத்தில் பிறந்தது. இன்று நிலைமை தலைகீழ். கணினி தெரிந்தவர், கணக்கு தெரியாமலே அதை ஓட்டுகிறார். சத்திரம் பஸ் ஸ்டாண்டைச் சுற்றியுள்ள சென்டர்களில் ஓரிரு மாதப் பயிற்சி முடித்த மாணவரைக் கேட்டால் எஃப்5 பேமென்ட், எஃப்6 ரெசீப்ட், எஃப்7 ஜர்னல், எஃப்8 சேல்ஸ், எஃப்9 பர்சேஸ் என்று மடமடவெனச் சொல்லுவார். முதலாளி கல்லாவிலிருந்து ஐயாயிரம் எடுத்துப் பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டினால் எந்த லெட்ஜர் என்று கேட்டால் தயங்குவார். எஃப்5 சரிதான், ஆனால் எதிரே செலவுக் கணக்கைப் போட்டால் கடையின் லாபம் பொய்யாகிவிடும். அது முதலாளியின் எடுப்பு. இந்த ஒரு வேறுபாட்டை மென்பொருள் கற்றுத் தராது, தரவும் முடியாது. டேலி சான்றிதழுக்குப் பெருந்தொகை கட்டும் பெற்றோர்கள் இதை அறிந்துகொள்ள வேண்டும்.

உண்மையான பள்ளிக்கூடம் ஆடிட்டர் ஆபீஸ். தில்லைநகரிலோ கன்டோன்மென்டிலோ மாடிப்படி ஏறிப் போகும் ஓர் அலுவலகத்தில் முதல் நாள் சேர்பவருக்குக் கிடைப்பது ஒரு துணிப்பை. உள்ளே ரப்பர் பேண்ட் போட்ட பில்கள், எழுத்து மங்கிப்போன பெட்ரோல் பங்க் சீட்டுகள், லாரி வாடகைக்கு வாங்கிய துண்டுச் சீட்டு, பாங்க் ஸ்டேட்மென்ட். அந்த ஸ்டேட்மென்ட்டில் யுபிஐ வரிகள் பக்கம் பக்கமாக ஓடும். 350 ரூபாய், 1,200 ரூபாய், பாதியில் அறுந்த பெயர்கள். இவற்றில் எது விற்பனை, எது மைத்துனர் திருப்பிக் கொடுத்த கைமாற்று என்று கேட்டுக் கேட்டுப் பிரிக்க வேண்டும். ஏட்டின்படி வங்கி இருப்பு 1,96,750 ரூபாய், ஸ்டேட்மென்ட்டில் 1,84,250. எங்கே போயிற்று 12,500? போட்ட செக் 15,000 இன்னும் வரவாகவில்லை. கொடுத்த செக் 3,000-ஐ வாங்கியவர் இன்னும் பாங்கில் போடவில்லை. வங்கி எடுத்துக்கொண்ட கட்டணம் 500 ஏட்டில் ஏறவில்லை. மூன்றையும் பொருத்தினால் கணக்கு நேராகிறது. பதினொன்றாம் வகுப்பில் போட்ட அதே கணக்குதான். ஆனால் அங்கே மூன்று காரணமும் கேள்வியிலேயே அச்சாகியிருக்கும். இங்கே அவற்றைக் கண்டுபிடிக்க ஒரு பிற்பகல் ஆகும், அதைக் கண்டுபிடித்த அன்றுதான் பாடம் மனத்தில் ஏறும். இருப்பாய்வில் வித்தியாசம் ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால் எண் இடம் மாறியிருக்கிறதா என்று பார், 5,430-ஐ 4,530 என்று எழுதியிருப்பாய் என்று சீனியர் சொல்லிக் கொடுப்பதும் இங்கேதான்.

சிஏ படிப்பின் பலமே ஆடிட்டர் ஆபீஸில் பெறும் இந்தப் பயிற்சி, அதாவது ஆர்ட்டிகிள்ஷிப். 1949-ல் பட்டயக் கணக்காளர் சட்டம் வந்த காலத்திலிருந்து ஏட்டுப் படிப்பும் அலுவலகப் பயிற்சியும் சேர்ந்தே வருகின்றன. மூன்றாண்டாக இருந்த பயிற்சிக் காலத்தை 2023 ஜூலையில் வந்த புதிய திட்டம் இரண்டாண்டாகக் குறைத்தது. தேர்வுக்குத் தயாராக நேரம் கிடைக்கட்டும் என்பது நோக்கம். ஆனாலும் மூன்றாவது வருடத்தில்தான் ஒருவர் தனியாக நிற்கக் கற்றார் என்று நினைக்கிறேன். பி.காமில் 55 விழுக்காடு வாங்கியவர் ஃபவுண்டேஷன் எழுதாமலே நேரே இன்டர்மீடியட்டில் சேரலாம். ஃபைனல் முடிக்க முடியாமல் நின்றுபோனவர்களை ஊர் தோற்றவர்களாகப் பார்க்கிறது. அது பெரிய அநியாயம். ஆர்ட்டிகிள்ஷிப்பை ஒழுங்காக முடித்த ‘சிஏ இன்டர்’ ஒருவர் பல கம்பெனிகளின் கணக்குப் பிரிவைத் தோளில் சுமக்கிறார். தேர்வில் ஃபைனல் இல்லாவிட்டாலும் வேலையில் அவர் முழுக் கணக்கர்.

திருச்சிக்கென்று சில தனிக் கணக்குகள் உண்டு, அவற்றை எந்தப் பாடநூலும் தொடுவதில்லை. பழைய பால்பண்ணை பக்கத்து வெங்காய மண்டியை எடுத்துக்கொள்வோம். பெரம்பலூர்ப் பக்கத்துச் சின்ன வெங்காயம் விடியுமுன் இறங்குகிறது. விற்ற தொகையிலிருந்து கமிஷன், இறக்கு கூலி, வண்டி வாடகை கழித்து மிச்சத்தை விவசாயிக்குக் கணக்குச் சீட்டோடு கொடுத்தாக வேண்டும். வாங்கிப் போகும் சில்லறைக் கடைக்காரர்கள் பெரும்பாலும் கடனில் எடுப்பார்கள். ஆகவே மண்டிக் கணக்கர் ஒரே காலையில் ஒரு பக்கம் கொடுக்க வேண்டியவர்கள் பட்டியலும் மறுபக்கம் வர வேண்டியவர்கள் பட்டியலும் முடிக்கிறார். வேளாண் விளைபொருள் என்பதால் இங்கே ஜிஎஸ்டி பெரிதாகக் குறுக்கிடாது. வேகமும் நினைவும் யாருக்கு எத்தனை நாள் கடன் தரலாம் என்ற கணிப்புமே இங்கே மூலதனம்.

இங்கிருந்து திருவெறும்பூர், துவாக்குடிக்குப் போனால் உலகம் வேறு. பாரத மிகுமின் நிறுவனத்தை நம்பி வளர்ந்த ஃபேப்ரிகேஷன் யூனிட்டுகளில் இரும்புத் தகடு யூனிட்டுக்காரருடையது அல்ல. வேலை கொடுத்தவர் அனுப்புகிறார், இவர் வெட்டி வெல்டிங் செய்து திருப்பி அனுப்புகிறார், பில் போடுவது கூலிக்கு மட்டும். வந்த தகடு எத்தனை டன், போன பாகம் எத்தனை டன், கழிவு எத்தனை என்று ஒவ்வொரு டெலிவரி சலானும் பொருந்த வேண்டும். ஜாப் வொர்க்குக்கு அனுப்பிய மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும் என்பது ஜிஎஸ்டி சட்டம். தாண்டினால் அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கொள்ளப்படும். சிறு, குறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய பணத்தை அதிகபட்சம் 45 நாளுக்குள் தராத வாங்குநருக்கு, அந்தச் செலவு பணம் கொடுத்த ஆண்டில்தான் வருமானவரியில் கழிக்கப்படும் என்ற விதி 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. தன் யூனிட் சிறு, குறு நிறுவனம் என்பதற்கான உத்யம் பதிவு எண்ணைப் பில்லில் அச்சிட்டு, 45-வது நாளைக் குறித்து வைத்து, நினைவூட்டுக் கடிதம் எழுதத் தெரிந்த கணக்கர் அந்த யூனிட்டின் சம்பளப் பணத்தையே காப்பாற்றுகிறார். இதை ‘டேட்டா என்ட்ரி’ என்று சொல்வது அறியாமை.

2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்த பிறகு கணக்கரின் மாதமே மாறிவிட்டது. 11-ஆம் தேதி விற்பனை விவரம், 14-ஆம் தேதி கொள்முதல் வரவுப் பட்டியலான 2பி, 20-ஆம் தேதி வரி கட்டும் 3பி. ஒரு லட்ச ரூபாய்க்குச் சரக்கு வாங்கி 18,000 வரி கட்டியிருக்கிறோம். விற்றவர் தன் விவரத்தைப் 11-ஆம் தேதிக்குள் ஏற்றவில்லை என்றால் நம் 2பி-யில் அந்தப் பில் வராது. அந்த 18,000-ஐ இந்த மாதம் கையிலிருந்து கட்ட வேண்டும். ஆகவே நல்ல கணக்கர் 8-ஆம் தேதியே போனை எடுத்துச் ‘சார், நம்ம பில்லைப் போட்டுட்டீங்களா?’ என்று கேட்கிறார். கணக்கு எழுதுவது ஓரிடத்தில் உட்கார்ந்து செய்யும் தனி வேலை என்ற எண்ணம் இதோடு போயிற்று. பேசத் தெரிவதும் இனி இந்தத் தொழிலின் பாடம்.

சட்டம் மாறுவதும் ஓயாது. 2025 செப்டம்பர் 22-ல் ஜிஎஸ்டி விகிதங்கள் திருத்தப்பட்டன. 2026 ஏப்ரல் 1-ஐத் தொடக்க நாளாகக் கொண்ட புதிய வருமானவரிச் சட்டத்தில் பிரிவு எண்களெல்லாம் வேறு. முந்தைய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்ற இரட்டைக்குப் பதில் ‘வரி ஆண்டு’ ஒன்றே. எண்களை மனப்பாடம் செய்தவர் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும், வரியை ஏன் பிடிக்கிறோம், எப்போது கட்டுகிறோம் என்று புரிந்து வைத்தவருக்கு ஒரு வாரம் போதும். மென்பொருளே பில்லைப் படித்துப் பதிவு செய்யும் காலம் வந்துகொண்டிருக்கிறது. வெறும் பதிவு வேலை குறையும். பதிவானது சரியா என்று சொல்லக்கூடியவருக்கு வேலை இருக்கும்.

எந்தப் பாடத்திட்டமும் வாயே திறக்காத விஷயம் ஒன்றுண்டு. சரக்கு வராத பில்லை ஏற்றச் சொல்லும் முதலாளி, ‘இரண்டாம் நம்பர்’ நோட்டு, பழைய தேதியில் ஒரு வவுச்சர். இருபத்திரண்டு வயதில் முதல் வேலைக்குப் போன பெண்ணோ பையனோ இதைச் சந்திக்கும்போது தனியாக நிற்கிறார்கள். போலிப் பில் மூலம் வரி வரவு எடுப்பது ஜிஎஸ்டி சட்டத்தில் குற்றம். தொகை ஐந்து கோடியைத் தாண்டினால் ஐந்தாண்டுச் சிறை வரை போகும். 2023 ஏப்ரல் முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருள் எந்தப் பதிவு எப்போது திருத்தப்பட்டது என்ற தடத்தை அழிக்க முடியாதபடி வைத்திருக்க வேண்டும். இதையெல்லாம் முதலாண்டிலேயே மாணவருக்குச் சொல்ல வேண்டும். எழுத மாட்டேன் என்று மரியாதையாக, ஆனால் அசையாமல் சொல்வது எப்படி என்று வகுப்பில் பேச வேண்டும். கணக்கரின் கையெழுத்துக்கு மதிப்பு வருவது அங்கேதான்.

மொழி ஒரு தனித் தடை. தமிழ் வழியில் பற்று, வரவு, பேரேடு, இருப்பாய்வு என்று தெளிவாகப் படித்த மாணவி டேலியைத் திறந்ததும் எல்லாம் ஆங்கிலம். சிஏ தேர்வை ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுதலாம், தமிழில் முடியாது. இலங்கையைப் பாருங்கள். 1987-ல் அமைக்கப்பட்ட அங்குள்ள கணக்கியல் தொழில்நுட்பவியலாளர் சங்கத்தின் தேர்வுகளைத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் எழுதலாம். ‘கணக்கீடு’ படித்த யாழ்ப்பாணத்து மாணவர் தன் மொழியிலேயே தொழில் தகுதி பெறுகிறார். அதற்கு முன்மாதிரி பிரிட்டனில் 1980-ல் தொடங்கிய ஏஏடி. பட்டயக் கணக்காளருக்குக் கீழே நின்று அன்றாடக் கணக்கை நடத்துபவருக்கென்றே தனித் தகுதி, தனி மரியாதை. நம் நாட்டில் அடக்கவிலைக் கணக்காளர் நிறுவனம் ‘கேட்’ என்ற பெயரில் இதையொத்த ஒரு படிப்பை நடத்துகிறது; திருச்சியிலும் அந்நிறுவனத்துக்குக் கிளை உண்டு. கடைவீதியில் யாருக்கும் அதன் பெயர் தெரியாது என்பதுதான் குறை.

பெரிய சான்றிதழ் எதுவும் இல்லாமல் இந்தத் தொழிலை ஒழுங்காகக் கற்ற ஒரு கூட்டம் நம் கண்முன்னே இருக்கிறது. மகளிர் சுய உதவிக் குழுக்களின் ஐந்து கட்டுப்பாடுகளில் ஒன்று கணக்கை அன்றன்றே எழுதுவது. லால்குடிப் பக்கமோ மணிகண்டம் ஒன்றியத்திலோ ஒரு குழுக் கூட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். பத்தாவது படித்த பெண் தீர்மான ஏட்டை எழுதி, சேமிப்பை எண்ணி, கடன் தவணையைப் பேரேட்டில் ஏற்றி, ஒவ்வொருவர் பாஸ்புக்கிலும் கையெழுத்துப் போட்டு, ரொக்க இருப்பை எல்லோர் முன்னிலும் உரக்க வாசிக்கிறார். எண்ணிய பணமும் எழுதிய எண்ணும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் கூட்டம் கலையாது. அவரும் ஒரு வருடக் கணக்கை முடித்தவர்தான். பி.காம். வகுப்புக்கு அவரை ஒருநாள் அழைத்துப் பேசச் சொன்னால் மாணவர்களுக்கு நன்மை.

செய்ய வேண்டியது பெரிய செலவு பிடிக்கும் காரியமல்ல. கல்லூரி ஒவ்வொரு மாணவரையும் முதலாண்டு ஜூனில் ஒரு கடையோடோ யூனிட்டோடோ குழுவோடோ இணைக்கட்டும். கடை சிறியதாக இருந்தால் நல்லது. முதல் மூன்று மாதம் கையால் எழுதும் ஏடு, அதன் பிறகே டேலி. கையால் பேரேடு கட்டாதவருக்கு மென்பொருள் தப்பாகக் காட்டும்போது தெரியாது. மாதம் ஒருமுறை வங்கியோடு ஒத்துப்பார்த்த பட்டியலை ஆசிரியரிடம் காட்ட வேண்டும். மார்ச் 31 அன்று சரக்கிருப்பு எண்ணும்போது மாணவர் அங்கே நிற்க வேண்டும், ஏப்ரலில் ஏட்டை மூட வேண்டும். அதற்கு மதிப்பெண் கொடுங்கள். ‘நான் முதல்வன்’ போன்ற திட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. பட்டயக் கணக்காளர்களின் திருச்சிக் கிளையும் வணிகர் சங்கங்களும் மனம் வைத்தால் இடம் தேட வேண்டியதே இல்லை. கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அனுபவம் உள்ளவரையே கேட்டுக்கொண்டிருந்தால் அனுபவம் எங்கிருந்து முளைக்கும்? ஒரு மேசையும் பஸ் கட்டணமும் கொடுத்து ஒருவரைப் பழக்குங்கள்.

பெற்றோருக்குச் சொல்ல வேண்டியது இது. பிள்ளையைப் பி.காமில் சேர்த்த கையோடு சான்றிதழ் வகுப்புகளுக்குப் பணம் கட்ட ஓடாதீர்கள். தெரிந்த கடை ஒன்றிலோ ஆடிட்டர் ஆபீஸிலோ தினமும் மாலை இரண்டு மணி நேரம் உட்கார அனுப்புங்கள். சம்பளம் எவ்வளவு என்று முதல் வருடம் பார்க்க வேண்டாம். மார்ச் 31 வரை விடாமல் போகிறார்களா என்று மட்டும் பாருங்கள்.